மூன்றாம் கேள்வி

தம்பிக்கு இந்த வாரம் பள்ளியில் கிடைத்த கதைப்புத்தகத்தில்
ஒரு பையன் ரயில் கூரையில் படுத்துத் தப்பிக்கிறான்.
அட்டையில் நிலா. முதுகில் பை.
பைக்குள் அம்மா படம், ஒரு ஆரஞ்சு,
உள்ளங்கை அகலத்தில் வரைபடம்.

"பைய எப்பக்கா எடுத்து வச்சிருப்பான்?"
என்றான் ரெக்ஸன்.

பனியன் கழுத்துப்பட்டிகளைப்
பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டிருந்தேன்.
எண்ணிக்கை விட்டுப்போனது.

நாங்கள் கொண்டுவந்தது ஒரு சார்ஜர்.
அதற்கான போன்
துறைமுகப் பாலத்தடியில் உப்புத்தண்ணீரில் கிடக்கிறது.
அவன் காலில் என் செருப்பு.

அங்கே பதினாலு வயதுப் பையனுக்கு
முதலில் பிரியாணி வாங்கித் தருவார்கள்.
அப்புறம் பைக் ஓட்டத் தருவார்கள்.
அப்புறம் ஒரு வீட்டைக் காட்டி,
"எப்ப வெளிய வாரான்னு மட்டும் பாருல."
மூன்று நாள் பார்த்தான்.
நாலாம் நாள் அந்த வீட்டு ஆள்
நாய்க்குச் சோறு வைக்கக் குனிந்தபோது
"உள்ள போயிருங்க" என்று
கத்திவிட்டான்.

திருப்பூரில், சாக்கடை ஒருநாள் நீலமாகவும்
மறுநாள் மெரூனாகவும் ஓடும் லைன் வீட்டில்
வாடகை வாங்க வந்த அம்மா
"சாப்ட்டீங்களா கண்ணு?" என்றபோது
தனக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று
திரும்பிப் பார்த்தான்.

இப்போது அவனும் "ங்க" போடுகிறான்,
அளவு பெரிய பனியன் போல.
தூக்கத்தில் மட்டும்
"ஏல, வேண்டாம்ல."

தமிழாசிரியை கொடுத்த தாளில் மூன்றாம் கேள்வி:
கதைத்தலைவன் ஊரை விட்டு வெளியேறக் காரணம் யாது?
இரண்டு மதிப்பெண்.
ரெக்ஸன் எழுதியிருந்தான்:
"ஒன்பதரைக்கு ஒரு பஸ் இருந்தது."
பக்கத்தில் சிவப்பு மையில்:
"கதையில் பஸ்ஸே இல்லையே!"
ஆனாலும் அரை மதிப்பெண்
போட்டிருந்தார்.

ராத்திரி பதினொன்றுக்கு
சைலன்சர் கழற்றிய வண்டி ஒன்று சந்துக்குள் வந்தது.
நான் லைட்டை அணைத்தேன்.
பக்கத்து அறை அசாம் பையன்கள் மூவரும்
அதே நேரம் அணைத்தார்கள்.
ஏன் என்று அவர்கள் எங்களைக் கேட்டதில்லை.
நாங்களும்.

வண்டி எதிர் வீட்டுக்குப் பால் பாக்கெட்டோ என்னவோ
கொடுத்துவிட்டுப் போயிற்று.
உடனே யாரும் லைட் போடவில்லை.

இருட்டில் கேட்டேன்,
"அந்த ஆரஞ்ச எப்பலே திங்கான்?"

"இன்னும் திங்கலக்கா.
நூத்திநாப்பது பக்கம் வந்துட்டேன்.
தடவிப் பாக்கான்,
திரும்ப வச்சுக்கிடுதான்."