எல்போ, அரை அங்குலம்

பழைய சோனகத் தெருவில்
நாள் முழுக்க பில் எழுதுகிறேன்.
வாஷர், வால்வு, சொக்கெட்,
அரை அங்குல எல்போ
நானூற்று எண்பது ரூபாய்.
வாங்க வருகிற எல்லாரும்
எங்கோ ஒழுகுகிற வீட்டிலிருந்து வருகிறவர்கள்.
நானும்.

கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி.
குளியலறைச் சீலிங்கில்
ஏப்ரலில் ஒரு தேநீர்க் கறை.
ஜூனில் அதற்குக் கைகால் முளைத்தது.
ஓகஸ்ட்டில் மகன் அதற்கு
ஒஸ்ரேலியா என்று பெயர் வைத்தான்.
தீபாவளிக்குத் தாஸ்மேனியாவும் வந்துவிட்டது.
அவன் குளிக்கையில் நான் குடை பிடிப்பேன்.
தண்ணீர் ஊற்றுகிறவனுக்கு
தண்ணீர் படாமல் ஒரு குடை.

பத்திநாதர் ஐந்தாம் திகதி வருவார்.
லூசியாள் கோயில் ஆறு மணி அடித்து ஓய
எங்கள் கதவு மணி அடிக்கும்.
நல்ல மனுஷன். பிள்ளைக்கு டொபி கொண்டுவருவார்.
மிதியடியைத் தாண்டி மட்டும் வரமாட்டார்.
சப்பாத்து நாடாவில் இரட்டை முடிச்சு.

"மழை விடட்டும், பாப்பம்."
மழை விட்டது.
"இப்ப காய்ஞ்சிருக்குமே?"
பிறகு,
"மேல்வீட்டு ஆக்களிட்டச் சொல்லுங்கோ."
மேல்வீட்டுப் பூட்டில்
சிலந்தி இரண்டாவது வருஷம் குடியிருக்கிறது.
அதற்கு அட்வான்ஸும் இல்லை.

கடிதம் எழுதினேன். மூன்று. பதிவுத் தபாலில்.
அடுத்த தெருவுக்கா என்று
தபால் கந்தோர்ப் பெண் முகவரியை இரண்டு தரம் வாசித்தாள்.
கையெழுத்து வைத்து வாங்கியவர்
வாசித்ததாகச் சொல்லவே இல்லை.

உரத்துக் கேட்கலாம்தான்.
ஆனால் பொலிசில் பதிகிற படிவத்தில்
வீட்டுக்காரர் என்ற கோட்டின்மேல்
அவர் கையெழுத்து வேண்டியிருந்த காலம் ஒன்றிருந்தது.
மற்ற வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள்.
இவர் பேனையைத் திறந்தார்.
அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே செத்தா.
நன்றிக்கும் வாடகை உண்டு.
பதினேழு வருஷமாய் ஒரு மாதமும் பிந்தாமல் கட்டுகிறேன்.

நவம்பர் ஐந்து. நல்ல மழை.
கதவைத் திறந்தேன்.
"காசு உள்ள இருக்கு ஐயா, பாத்ரூம் தட்டில.
கையெல்லாம் மா, நீங்களே எடுங்கோ."
மாவை முன்னமே பூசியிருந்தேன்.

என்னைப் பார்த்தார்.
மிதியடியைப் பார்த்தார்.
நாற்பத்தையாயிரம் உள்ளே இருந்தது.
குனிந்தார்.
இரட்டை முடிச்சு அவிழ நேரம் எடுத்தது.
ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே.
நான் சுவரைப் பார்த்தேன்.

வாளியில் சொட்டுவது கேட்டது.
பிறகு கேட்கவில்லை,
நடுவில் ஏதோ வந்து நின்றதுபோல.
திரும்பி வந்தபோது
உச்சி வழுக்கை பளபளத்தது.
காசை எண்ணவில்லை.
"உங்கட கடையில எல்போ என்ன விலை?" என்றார்.

ஞாயிறு பூசை முடிய லயனல் பாஸ் வந்தார்.
ஒஸ்ரேலியாவை உளியால் உடைத்தார்.
குழாய் மூட்டைச் சுற்றி
நீலப் பூப்போட்ட ஒரு சேலைக் கிழிசல்,
அதன்மேல் சைக்கிள் டியூப்,
அதன்மேல் வேறொரு கை முறுக்கிய கம்பி.
"பரண லெடக், நோனா."
பழைய வருத்தம்.

எங்களுக்கு முன் இருந்தவர்கள்.
அவர்களுக்கு முன் இருந்தவர்கள்.
யாரோ ஒருத்தி கதிரையில் ஏறி
உடுக்கிற சேலையைக் கிழித்திருக்கிறாள்.
அவளும் மழை விடட்டும் என்று கேட்டிருப்பாள்.
கிழிசலை வீசச் சொன்னார் பாஸ்.
அலசிக் கொடியில் போட்டேன்,
சாயம் போகவில்லை.

டிசம்பர் ஐந்து.
மிதியடி. டொபி. இரட்டை முடிச்சு.
"வீடு இப்ப புதுசு மாதிரித்தானே பிள்ளை,
தையிலயிருந்து ரெண்டாயிரம் கூட்டித் தாங்கோ."

குசினி ஜன்னலின் கொண்டி
ஒரு வருஷமாய்க் கழன்று தொங்குகிறது.
சிங்க்குக்குக் கீழே இன்னொரு கறை,
இன்னும் பெயர் வைக்கவில்லை.

"காசு குசினிக்குள்ள இருக்கு ஐயா,"
என்றேன்.