சந்தை நாள்

தாராபுரத்துக் கண்ணாடித் தட்டு.
உறைமேல் பென்சிலில் 'சந்தை நாள்'.
படத்தில் ஈ காக்கை இல்லை.

"காலரா வருசமுங்க, ஊரே காலி"
என்றார் மலர்க்குழு ராக்கியண்ணன்.

நூர்தீன் திரையில் பெரிதாக்கினார்.
தெரு நெடுக மெல்லிய வெளுப்பு.
புழுதியில்லை, ஆட்கள்.
மூடி திறந்து எட்டு எண்ணி முடிப்பதற்குள்
அசைந்தவர் ஒருவரும் தங்கவில்லை:
துண்டுக்குள் விரல்பிடித்து விலை பேசிய தரகர்கள்,
கயிற்றை அறுத்த கிடாரி,
அதன் பின்னால் ஓடியவள்.

தங்கியது ஒரு வண்டிச் சக்கரம்,
தலையில்லாமல் ஒரு காளை
(ஆட்டிக்கொண்டே இருந்திருக்கும்),
வண்டிக்கடியில் படுத்திருக்கும் ஒருவன்.
பாதத்துப் பித்தவெடிப்பை எண்ணலாம்.

நகராட்சி மலரில் அச்சாகிவிட்டது:
'காலரா வருசம். கேட்பாரற்ற பிணம்.'
ஆயிரம் பிரதி.

அவன் இடது கட்டைவிரல் மட்டும்
லேசாகக் கலங்கியிருக்கிறது.
ஈ உட்கார்ந்திருக்கும்.