அச்சு

முன்பெல்லாம் கோடில்லாத நோட்டுத் தாளை
ஒன்றுக்கு எட்டாக மடித்துக் கிழிப்பேன்.
பச்சை ஸ்கெட்ச் பேனாவில் பெயர்:
ஆன்சிலா மெழுகுதிரி, கருங்கல்.
கீழே சின்னதாய்,
ஏறக்குறைய ஆறு மணி நேரம் எரியும்,
காற்றில்லாவிட்டால்.

மைனி பெயரைத்தான் வைத்தோம்,
மெழுகு காய்ச்சுவது அவள்.
நான் திரி வெட்டுவேன், எழுதுவேன், கணக்குப் பார்ப்பேன்.
நூறு சீட்டு எழுதினால் நூறு ழு.
முதல் பத்துக்கு வால் அழகாய்ச் சுழித்து நிற்கும்.
எழுபதுக்கு மேல், கை கடுத்து,
வெயிலில் அகப்பட்ட மண்புழு.

ஐப்பசி மழையில் திங்கள்சந்தைக்குக் கொண்டுபோன பெட்டி
அடி நனைந்து வந்தது.
ஆன்சிலா கரைந்து ‘ன்சி’ மட்டும் மிச்சம்.
கையில் எடுத்த ஒருத்தி கேட்டாள்,
“இது என்ன, மருந்தா?”

மார்த்தாண்டத்துக் கடையில் ஷாஜி
உருட்டிப் பார்த்தான், முகர்ந்தான்,
சாதனம் நல்லது என்றான்.
“ஆனா சின்னப் பிள்ளியோ எழுதினது போல இருக்கு.
ரேக்கில வைக்க ஒக்காது.”
ரேக்கில் இருந்தது வேறொரு மெழுகுதிரி,
பொன் எழுத்து, எங்களுடையதைவிட மெலிசு,
விலை இரண்டு மடங்கு.
பஸ்ஸில் திரும்பும்வரை
அந்தப் பொன்தான் கண்ணில் நின்றது.
அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆகவே கோட்டாறு, தாணுலிங்கம் அச்சகம்.
இயந்திரத்துக்கு மேலே கத்திப் பேச வேண்டும்.
ஆயிரத்துக்குக் குறைந்தால் கட்டாது என்றார்.
இரண்டாயிரம் என்றால் ஒன்று, ஒரு ரூபாய் இருபது.
மைனி சீட்டுப் பிடித்த பணத்தை
எண்ணி வைத்தேன்.

“ஏறக்குறையன்னு அச்சில போட்டா
விக்கவங்களுக்கே சந்தேகம்னு ஆயிரும், கேட்டியளா.
எட்டுன்னு போடுவோம்.”
‘ம்’ என்றது நானா, இயந்திரமா,
இன்றுவரை தெரியாது.
மாதிரித் தாளை மூன்று தடவை வாசித்தேன்.
கண் தனக்குத் தெரிந்ததையே வாசித்துக்கொண்டது.
கையெழுத்துப் போட்டேன்.

கட்டு வந்தது. பிரித்தோம்.
ஆன்சிலா மெழகுதிரி.
மெழகு.
இரண்டாயிரம் தடவை, ஒரே மாதிரி, பொன்னில்.
போனில் அவர் கோபப்படவில்லை.
“கீழ உங்க கையெழுத்து இருக்கே” என்றார்.
இருந்தது. அதில் பிழையில்லை.

நேற்றிரவு கறுப்பு ஜெல் பேனா இரண்டு வாங்கி
உட்கார்ந்ததும் கரண்டு போயிற்று.
பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து ஏற்றினேன். மணி ஏழு.
ஜன்னல் சாத்தியிருந்தது.
ஒவ்வொரு ழ-வுக்கும் ஒரு வால்.
மைனி போடுவது இடப்பக்கம் சாயும்,
என்னுடையது கீழே இழுக்கும்.
நாய் குரைத்தது, ஓய்ந்தது.
பேச்சில்லை. எண்ணிக்கை மட்டும்.

ஆயிரத்து அறுநூற்று நாற்பதில்
சுடர் ஒருதரம் குனிந்தது, நிமிர்ந்தது, போய்விட்டது.
செல்போனைத் திறந்தேன்.
ஒன்று பத்து.
“ஆறு மணி, பத்து நிமிசம்” என்றாள் மைனி
இருட்டுக்குள்ளிருந்து.

யாரும் கவனிக்கமாட்டார்கள் ஒரு வாலை.
அதற்கு இரண்டு பேர் விழித்திருந்தோம்.
செல்போன் வெளிச்சத்தில்
பேனாவை 8-இன் மேல் கொண்டுபோனேன்.
ஆறை எட்டாக்கிவிடலாம், ஒரு வளைவு போதும்.
எட்டை
என்ன செய்தாலும் ஆறாக்க முடியாது.

மைனி எழுந்து அடுக்களைக்குப் போனாள்.
அலுமினிய அச்சோடு வந்தாள்,
விரல் வைத்து அளந்தாள்.
“இதுக்க மேல ரெண்டு விரல் கூட்டினா
எட்டு நிக்கும்.”
மெழுகு விலை, என்றேன்.
“அது ஒனக்க கணக்கு.”

இன்னொன்றை ஏற்றினோம்.
மிச்சம், முந்நூற்று அறுபது வால்.