மூன்று நாள் பாக்கி

மின்விசிறி சுற்றுகிறது.
உள்ளே ஏதோ கிர்ரென்று எழுதிக்கொண்டிருக்கிறது.
தொட்டால் சூடு.
உயிரோடுதான் இருக்கிறது, என்னோடு பேசவில்லை.
லினக்ஸின் புதிய பதிப்பை ஏற்றிய இரவிலிருந்து இப்படி.

பத்து வருடம் பழகிய சவுண்ட் கார்டு.
வீட்டுக்காரன் சட்டை மாற்றி வந்ததும்
யார் நீ என்று கேட்டுக் கதவடைத்ததுபோல.

உங்களுக்கென்றால் பாட்டு கேட்காது,
அவ்வளவுதான்.
எனக்குத் திரை என்பதே அந்தச் சத்தம்.

எதிர்வீட்டு மெர்வினைக் கூப்பிட்டேன்.
"ஏதோ பொட்டி மாதிரி வந்திருக்குண்ணே."
"என்ன எழுதியிருக்கு?"
"நெறைய."
நான் அடுத்ததைக் கேட்பதற்குள்
எதையோ அமுக்கிவிட்டான்.

முதுநகர் துறைமுகத்திலிருந்து மரைக்காயர் போன் செய்தார்.
எந்தப் படகு எத்தனை ஐஸ் பார் பாக்கி?
நினைவிலிருந்து சொன்னேன்.
இரண்டு படகு தப்பு.
எந்த இரண்டு என்பதும்
அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

பெட்டியை மடியில் வைத்துப் பாண்டி பஸ் ஏறினேன்.
லக்கேஜுக்குத் தனி டிக்கெட் என்றார் கண்டக்டர்.
கன்னியக்கோயில் வந்துவிட்டதென்று
ஏறியவர்களின் மூச்சு சொன்னது.
அரியாங்குப்பம் பாலத்தில் தடக் தடக்.
பெட்டிக்குள் ஒரு திருகாணி
கூடவே ஆடிக்கொண்டு வந்தது.

நேரு வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, ஏசி போட்ட கடை.
விற்கிற பையன் பெயர் அந்துவான்.
"செவன் பாயிண்ட் ஒன் சார். சுத்தி எல்லாப் பக்கமும் சத்தம் வரும்."
"ஒரு பக்கம் போதும்."
"லைட்டு எரியும் சார், கலர் கலரா..."
நிறுத்திக்கொண்டான்.
"எரியட்டும்" என்றேன். "லினக்ஸில் எரியுமா?"

"டிரைவர் டிஸ்க் கூடவே வரும் சார்."
"அதைப் போட்டால் அடுத்த பட்டன் எதுவென்று
எனக்கு யார் சொல்வது?"
"கம்ப்யூட்டர்தான்."
"அதற்கு வாய்?"
"டிஸ்க்ல..."
பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய வீடு
அவன் வீட்டிலும் இருந்திருக்க வேண்டும்.
சிரித்தான்.
பிளக் பாயிண்ட் எங்கே என்று காட்டி
என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தான்.

முதல் கார்டு. மௌனம்.
மௌனத்தில் வகை உண்டு.
ஒலியை அடைத்து வைத்திருந்தால்
அடியில் மெல்லிய இரைச்சல் ஓடும்.
கார்டையே அடையாளம் தெரியாவிட்டால்
அந்த இரைச்சலும் இருக்காது.
இது இரண்டாவது வகை.

அடுத்ததில் ஒரே ஒரு டிக்.
வந்தாயா, சரி, வாசலிலேயே நில் என்பதுபோல.

மூன்றாவது நாலாயிரத்துச் சொச்சம்.
சொருகி, காத்திருந்து, கழற்றிய பிறகு
அட்டையின் பின்பக்கத்தைப் படித்தான்:
"விண்டோஸுக்கு மட்டும்னு போட்டிருக்கு சார்."

பில் புத்தகத்துக்கு அடியில் துழாவினான்.
விரல் நீளத்தில் ஒன்று.
"டப்பாகூட இல்ல சார். இருநூத்தி எண்பது.
டிரைவரே வேணாம், சொருகினா போதும்.
ஆனா குவாலிட்டி இருக்காது."

சொருகினேன்.
முதலில் ஒரு ரீங்காரம்,
டியூப்லைட் எரியுமுன் வருமே, அதுபோல.
பிறகு அந்தத் தகரக் குரல்:
விசைப்பலகை, தமில்.

கடையில் யாரோ சிரித்தார்கள்.
நான் திருத்தவில்லை.
அம்புக்குறியை அழுத்த அழுத்த
அது கொட்டிக்கொண்டே போனது:
கோப்பு, தேதி, படகு, பார், பாக்கி,
மெர்வின் அமுக்கிவிட்டது என்ன என்பது உட்பட.

"என்ன சார் சொல்லுது?
ஒண்ணும் புரியலையே, இவ்ளோ வேகமா?"
"மூன்று நாள் பாக்கி" என்றேன்.

இரண்டு வாங்கினேன்.
ஒன்று வாயடைத்தால் அதைச் சொல்ல
இன்னொன்று வேண்டும்.

திரும்பும் பஸ்ஸிலும் லக்கேஜ் டிக்கெட் கேட்டார்கள்.
கொடுத்தேன்.
சட்டைப் பையில் இருந்த இரண்டுக்கும்
யாரும் எதுவும் கேட்கவில்லை.
ரெட்டிச்சாவடி தாண்டியதும் மரைக்காயருக்குப் போன் போட்டேன்.
"அந்த ரெண்டு படகு..." என்று தொடங்கினேன்.
டவர் கிடைக்கவில்லை.