பல்லைத் தொடாத படம்

இந்த வருஷத்தில் இது இரண்டாவது தேர்தல்.
போன தடவை கரைத்த பசை
வாளியில் இன்னும் காயவில்லை.

டான்யூப் கரையில், ருஸே நகரத்தில்,
பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே என் நகல் கடை.
வேட்பாளரானாலும் பிணமானாலும்
பக்கத்துக்கு ஒரே விலை.

எங்களில் யாராவது செத்தால்
கறுப்புக் கட்டம் கட்டி, முகமும் பெயரும் அச்சடித்து
வீட்டுக் கதவில், விளக்குக் கம்பத்தில், மரத்தில் ஒட்டுவோம்.
நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று,
பிறகு வருஷா வருஷம்.
செத்தவர்களை இப்படி விடாமல் விசாரிக்கும் ஊர்
உயிரோடிருப்பவர்களிடம்
ஐந்து மாதத்துக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்கிறது.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே
தெச்கா நின்றிருந்தாள்.
கணவன் பெஞ்சோவுக்குப் பதினோராம் ஆண்டு.
"அதே படம்தானே?"
"அதேதான். அதற்கப்புறம்
அவர் எடுத்துக்கொள்ளவில்லை."

அவள் பின்னாலேயே கட்சிக்காரப் பையன்.
லச்செசார் அண்ணன் படம், வண்ணத்தில், ஐந்நூறு.
"பல்லை இன்னும் கொஞ்சம் வெளுக்க முடியுமா?"
முடியும் தம்பி.
இந்த எந்திரத்தில் வெள்ளை மை கிடையாது;
பல் வரும் இடத்தில்
ஒன்றுமே அச்சடிக்காமல் விட்டுவிடுவேன்.
வாக்குறுதி வரும் இடத்துக்கும்
அதுவே சிக்கனம் என்று
சொல்ல வந்தேன். வியாபாரி, சொல்லவில்லை.

மூலையில் தொலைக்காட்சி. சத்தம் செத்து மூன்று மாதம்.
மந்திரிகள் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுகிறார்கள்.
கீழே எழுத்து ஓடுகிறது: வெண்ணெய் விலை உயர்வு.
யாரிடம் சொல்கிறார்கள்?
நேற்று வெண்ணெயை எடுத்துப் பார்த்துவிட்டு
தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல்
திரும்ப வைத்துவிட்டு வந்தவனிடம்.

மத்தியானம் ஒரு பெண், வெளிநாட்டுக்காரி,
கையில் மைக்.
"ஓட்டுப் போடுவீர்களா?"
தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன்.
எங்கள் ஊரில் அதற்கு ஆம் என்று அர்த்தம்;
இல்லை என்றால் மேலும் கீழும்.
மாட்டாராம் என்று குறித்துக்கொண்டு போனாள்.
ஓடிப்போய்த் திருத்தியிருக்கலாம்.
ஆனால் அவள் எழுதியதும் முழுப்பொய் இல்லை:
ஆடிய தலைக்குள் இன்னொரு தலை
மேலும் கீழும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

நவம்பர் மூடுபனி ஆற்றிலிருந்து ஏறி வந்தது.
எதிர்க்கரை ருமேனியா காணாமல் போயிற்று.
பக்கத்து வீட்டுக்காரன் மறைந்துவிட்டால்
ஒப்பிட்டுத் திட்டவும் ஆளில்லை.

அன்று ராத்திரி பையன்கள் அவசரத்தில்
நிறுத்தத்து லிண்டன் மரத்தில்
பெஞ்சோவின் மேலேயே லச்செசாரை ஒட்டிவிட்டார்கள்.
தெச்கா வந்தாள். சத்தம் போடவில்லை.
ஒரு நகல், நாலு பின்.
லச்செசாரின் நெற்றியில் பெஞ்சோவைக் குத்தி
இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள்.
"உயிரோடிருந்தபோது
இவருக்கு இவ்வளவு உயரம் கிடைத்ததில்லை."

முடிவு வந்தது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை.
ஐந்நூறு படத்துக்கான பணமும் வரவில்லை;
பையனின் போன் வட்டத்துக்கு வெளியே.
தெச்கா மட்டும் அன்றைக்கே கொடுத்துவிட்டாள்,
சில்லறையாக, எண்ணி,
ஒரு காசு கூடவே இருந்தது, திருப்பிக் கொடுத்தேன்.

கடையை மூடும்முன் கணினியில் ஒரு கோப்பைத் திறந்தேன்.
கறுப்புக் கட்டம், என் முகம், என் பெயர்.
தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது.
மனைவிக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று
சொல்லிக் கொடுத்தாயிற்று.
"நாற்பது பிரதி போதுமா?" என்றாள்.
மேலும் கீழும் தலையாட்டினேன்.
"ஐம்பது போடு. எப்படியும் மேலே
எவனாவது ஒட்டுவான்."

பல்லைத் தொடவில்லை.
முன்பல் ஒன்று இல்லாததும்
அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.
அந்த இடத்தில் மை கறுப்புதான் பிடிக்கும்;
கறுப்பு மை இப்போது விலை ஏறிவிட்டது.