செவ்வாய்க்கிழமை நீதிபதி

பிளாண்டயர் சிறை முற்றத்தில்
செவ்வாய்தோறும் கோர்ட் கூடும்.
மேசை: கவிழ்த்த வாளி.
கூண்டு: கரித்துண்டால் தரையில் கிழித்த சதுரம்.
நீதிபதி: லாஸ்டன் ம்போண்டா,
சைக்கிள் திருடியதாக வழக்கு,
பதினொரு மாதமாய் வாய்தா.
தலையில் என் பழைய கம்பளிச் சால்வை.
பொய்முடியாம்.

எனக்கு வக்கீல் பட்டம் இல்லை.
லிம்பே சந்தையில் பீன்ஸ் விற்ற வாயும்
ஒரு வருடப் பயிற்சியும்
கழுத்தில் தொங்கும் அட்டையும் உண்டு.
காவலர்கள் அட்டையைப் பார்ப்பார்கள்,
பிறகு என் செருப்பைப் பார்ப்பார்கள்,
பிறகு கதவைத் திறப்பார்கள்.

ஜூன். சிப்பெரோனித் தூறல்
ஊசி ஊசியாய் இறங்குகிறது.
உட்கார இடமின்றி
இருநூறு பேர் குந்தியிருக்கிறார்கள்.

ஜாமீன் கேட்பது கெஞ்சுவதல்ல, என்கிறேன்.
இரவல் கொடுத்த சட்டியைத்
திருப்பிக் கேட்கிற மாதிரி கேளுங்கள்.
குரலை உயர்த்தவும் வேண்டாம், குனியவும் வேண்டாம்.
எங்கே இருப்பாய், உனக்கு யார் பொறுப்பு,
வாய்தாவுக்கு வருவாயா,
மூன்றுக்கும் பதிலோடு போ.
ஜாமீன் விடுதலை இல்லை;
வழக்கு வீட்டு வாசல்வரை கூடவே வரும்.

பிடித்தபின் எத்தனை நாள் ஸ்டேஷனில் வைக்கலாம்,
பின்னாலிருந்து ஒரு குரல்.
நாற்பத்தெட்டு மணி நேரம்.
அதற்குள் கோர்ட்.
கோர்ட் மூடியிருந்தால் திறக்கிற முதல் நாள்.

முற்றம் எண்ணத் தொடங்கிற்று.
பதினெட்டு நாள், என்றான் ஒருவன்.
நாலு வாரம், இன்னொருவன்.
மீசை முளைக்காத ஒருவன்
விரல்களை விரித்தான், மடக்கினான், மறுபடி விரித்தான்,
விட்டுவிட்டான்.
அந்த எண்ணைச் சொன்னது நல்லதா
இன்றுவரை எனக்குத் தெரியாது.

லாஸ்டன் வாளியை இரண்டு தட்டு தட்டினான்.
டலிட்ஸோ, கோழி வழக்கு, எழுந்து நின்றான்.
"முகவரி?"
"மாமா வீடு, சந்தைக்குப் பின்னால்."
"எந்த மாமா? எந்தச் சந்தை?
பின்னால் என்றால் ஓடையா, குப்பைமேடா?
மனு தள்ளுபடி."
முற்றம் சிரித்தது. காவலரும்.
அடுத்தவன், தள்ளுபடி.
அதற்கடுத்தவன், தள்ளுபடி.
சந்தையில் நான் அறிந்த தள்ளுபடி வேறு.

ஒருத்தனையாவது விடக்கூடாதா, என்றேன்.
"விடுகிற நீதிபதியை நான் பார்த்ததில்லையே அம்மா.
பார்த்ததைத்தானே நடிக்க முடியும்."

வியாழன், நிஜக் கோர்ட்.
மேலிருந்து ஆங்கிலம் உருண்டு வந்தது,
மலைச்சரிவில் அவிழ்ந்த மூட்டை மாதிரி.
லாஸ்டன் வாய் திறந்தான்.
மூன்று பதிலும் காணோம்.
பின்வரிசையில் நான் நகம் கடித்தேன்;
அங்கே பேச என் அட்டைக்கு அனுமதியில்லை.

அவன் விரல் கூண்டின் கட்டையில்
இரண்டு தட்டு தட்டியது.
பிறகு செச்சேவாவில்:
"நீங்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை.
புரியும் மொழியில் கேட்க எனக்கு உரிமை உண்டு."

பேனா நின்றது.
மொழிபெயர்ப்பாளர் டீ குடிக்கப் போயிருந்தார்.
காத்திருந்தார்கள்,
நீதிபதி, குமாஸ்தா, போலீஸ் தரப்பு,
எல்லோரும்,
ஒரு சைக்கிள் வழக்குக்காரனுக்காக.
பதினான்கு நிமிடம். நான் கடிகாரம் பார்த்தேன்.
பதினொரு மாதத்தில்
அவ்வளவு திரும்பி வந்தது.

ஜாமீன் கொடுத்தார்கள்.
பிணையாள் நேரில் வரவேண்டும்.
அக்கா ஸோம்பாவில்.
பஸ்ஸுக்குக் காசில்லை.

அடுத்த செவ்வாய்
சால்வையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.
"முகவரி?"
"மாமா ஃப்ராக்சன் வீடு,
ந்டிராண்டே சந்தைக்குப் பின்னால்,
மாவு மில்லுக்கு வலப்பக்கம், நீலக் கதவு."
டலிட்ஸோ மூச்சு வாங்கினான்.
நீதிபதி வெகுநேரம் யோசித்தார்.
முற்றத்தில் தூறல் மட்டும் பேசியது.
"உன் மாமாவிடம்
பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா?"

நான் நோட்டைத் திறந்து
நான்காவது கேள்வியாக அதை எழுதிக்கொண்டேன்.