மூன்று வரைக்கும்

சல்மாபாத்தில் எங்கள் ஷெட்டுக்குக்
கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்:
எழுபத்தெட்டாம் வருஷ லேண்ட்குரூசர்,
மணல் நிறம், ஆறு சிலிண்டர்.
இன்ஜின் புதுசாகக் கட்டியது என்றார் நவாஃப்.
பில்லையும் காட்டினார்,
சித்ராவில் ஏதோ கராஜ், முத்திரை பாதி அழிந்திருந்தது.
சாகீரில் கூடாரம் போடும் சீசனுக்கு
இன்னும் பதினெட்டு நாள்.

ஸ்டார்ட் செய்தேன். நீலப் புகை.
அடியில் ஒரு தட்டல்,
வாடகை கேட்க வந்தவன் கதவைத் தட்டுகிற மாதிரி
அவசரமில்லாமல், விடாமல்.
நாலாவது பிளக் ஒயரை உருவினால் தணிகிறது.
ஆயில் முள் எழுந்து பார்த்துவிட்டுப்
படுத்துக்கொண்டது.

பிளக்குகளைக் கழற்றிக் கம்ப்ரஷன் பார்த்தேன்.
ஒன்றில் நூற்றைம்பது.
இரண்டில் நூற்றைம்பது.
மூன்றில் நூற்று நாற்பத்தெட்டு.
நாலில் தொண்ணூறு.
ஷம்சுல் கேஜை உதறிவிட்டு மறுபடி வைத்தான்.
தொண்ணூறுதான்.
ஐந்தையும் ஆறையும் கேட்கவே வேண்டாம்.

சம்ப்பை இறக்கினோம்.
ஆயில் சல்லடையில் சிவப்பு சிலிக்கான்
மாதுளை முத்தாக அடைத்துக் கிடந்தது.
கேஸ்கெட் வாங்கச் சோம்பி
டியூபைப் பிதுக்கியிருக்கிறது ஒரு கை.
அந்தக் கையை எனக்குத் தெரிந்த
மூன்று பாஷையிலும் திட்டினேன்.
நாலாவதில் ஷம்சுல் சேர்ந்துகொண்டான்.

பிறகு பிஸ்டன்.
நாலில், முன்னால் பார்க்கவேண்டிய வெட்டுக்குறி
பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.
ரிங்குகளின் வாயெல்லாம் ஒரே கோட்டில்,
எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் வெள்ளிக்கிழமை மாதிரி.
நாலாம் ராடுக்கு ஐந்தின் மூடி,
ஐந்துக்கு நாலின் மூடி.
கிராங்கில் நகம் ஓட்டினால் மாட்டுகிறது.

ஆனால் மூன்று வரைக்கும்
எண்ணுக்கு எண் மூடி.
ரிங் வாய்கள் தள்ளித் தள்ளி, சொன்னபடி.
முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும்
மயிரளவு ஒரு பச்சைக் கோடு.
முகர்ந்தே சொல்வேன், நெயில் பாலிஷ்.
இரண்டாவதில் கோடு வழிந்திருக்கிறது;
துடைத்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறான்,
சம்ப் மூடினால்
யாருமே பார்க்கப்போகாத இடத்தில்.

நாலிலிருந்து கோடு இல்லை.

நாலாவது பிஸ்டனைத் துடைத்துத் துணிமேல் வைத்துவிட்டு
எழுந்து போனவனுக்கு என்ன ஆனது?
நவாஃபுக்குத் தெரியாது.
பில்லில் இருந்த நம்பருக்கு அடித்தேன்.
இப்போது அது ஒரு சலூன்.
கட்டிங்கா ஷேவிங்கா என்றது குரல்.

விசா முடிந்திருக்கலாம்.
மஞ்சள் காமாலையாக இருக்கலாம்.
பக்கத்து கராஜில் பத்து தினார் கூடக் கிடைத்திருக்கலாம்.
அப்படித்தான் நானும் ரிஃபாவில்
ஒரு கியர்பாக்ஸைத் திறந்தபடி விட்டு வந்தேன்.
அதை யார் மூடினார்கள் என்று
பதினோரு வருஷத்தில் ஒருநாளும் நினைத்ததில்லை.

பல்பீர் கிராங்கைக் கிரைண்டிங் போட்டுத் தந்தார்,
ராடுகளை வட்டம் திருத்தி.
நவாஃபின் முகம் சுருங்கும் விலையில் பேரிங்.
மூடிகளை அவரவர் வீட்டுக்கு மாற்றினேன்.
டார்க் ரெஞ்ச் 'டக்' என்றால் நிறுத்து,
அவ்வளவுதான் வித்தை.

ராத்திரி பீரான்குட்டியின் கோல்டு ஸ்டோரில்
பச்சை நெயில் பாலிஷ் கேட்டேன்.
ஆர்க்கா என்று கண்ணடித்தான்.
ஆறு சிலிண்டருக்கு என்றேன்.
ரோஸ்தான் இருந்தது.

முதல் மூன்றில்
பச்சையின் மேல் படாமல்
ஒட்டினாற்போல் ரோஸ் இழுத்தேன்.

பதினாறாம் நாள் சாவியைத் திருப்பினேன்.
முள் எழுந்து நின்றது, படுக்கவில்லை.
ஷம்சுல் புகைக்குழாயில் வெள்ளைத் துணி பிடித்து
நவாஃபின் வீடியோவுக்குக் காட்டினான்.

ரிஃபா நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது.
மூன்றாம் கியர் ஒழுங்காக விழுகிறதா
என்று கேட்க வேண்டும்.
அதுவும் இந்நேரம்
சலூனாகியிருக்கும்.